தெரியாது என்று சொல்லத் தெரியாதவர்

ஃபெர்மின் ஒலால்தேவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மெக்சிகோ நாட்டின் செலாயா ஊரில், சந்தைக்குப் பின்புறம், இருபத்தைந்து வருடமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். குணத்தில் தங்கம். குடிப்பழக்கம் கிடையாது, யாரிடமும் வம்புக்குப் போக மாட்டார், கடை வாசலில் படுத்துக் கிடக்கும் நாய்க்குப் போட்ட பிறகுதான் தானே சாப்பிட உட்காருவார். குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். யார் எதைக் கேட்டாலும் ‘தெரியாது’ என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

இதில் அவரை மட்டும் பிடித்துத் திட்டுவதில் நியாயமில்லை. எங்கள் நாட்டில் பாதிப் பேர் அப்படித்தான். வழி கேட்டு வந்தவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது மரியாதையாகாது என்று நினைக்கிற ஜனங்கள் நாங்கள். அவர் வெயிலில் நின்றுகொண்டு நம்மை நம்பிக் கேட்கிறார். தெரியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னால் அந்த மனுஷன் மனசு என்ன பாடுபடும்? அதனால் கையை நீட்டி ஏதோ ஒரு திசையைக் காட்டிவிடுவோம். அவர் இரண்டு மைல் நடந்து, விஷயம் புரிந்து, திரும்பி வரும்போது நாம் அந்த இடத்தில் இருக்க மாட்டோம், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட ஃபெர்மின், போன மாதம் ஒத்திலியாவிடம் போய்த் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டார்.

ஒத்திலியா ஐந்து வருடத்துக்கு முன் கணவனை இழந்தவள். ஐம்பத்து மூன்று வயது. பஞ்சர் கடைக்கு எதிரே பள்ளிச் சீருடை தைக்கும் கடை நடத்துகிறாள். வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும். அவற்றை எடுத்துவிட்டுப் பேசினாலும் பேச்சு குண்டூசியாகத்தான் இருக்கும். ஃபெர்மின் கேட்டதும் அவள் கோபப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை. தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தாள்.

"கடையில உக்காந்து பாத்தா எல்லா ஆம்பளையும் நல்லவந்தான். ஒரு நாள் முழுக்க ஒரு ஊரைச் சுத்தணும். கால் வலிக்கணும், பசிக்கணும், வெயில்ல வேகணும். அப்பத்தான் ஆளோட லட்சணம் தெரியும். குவானஹுவாத்தோ போய்ட்டு வருவோம். சாயங்காலம் ஆறு மணிக்குப் பஸ் ஏறுறதுக்குள்ள பதில் சொல்லிடுறேன். உங்களுக்கு அந்த ஊரு தெரியுமா?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? எனக்கு அது உள்ளங்கை மாதிரி," என்றார் ஃபெர்மின்.

உண்மை என்னவென்றால், குவானஹுவாத்தோவுக்கு அவர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறார். பதினொரு வயதில், பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில். மலைப்பாதையில் வாந்தி எடுத்து, நாள் முழுக்கப் பேருந்திலேயே படுத்துக் கிடந்தார். அன்று அவர் பார்த்ததெல்லாம் பேருந்தின் கூரை ஒன்றைத்தான்.

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு இருவரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஊரில் வண்டிகள் எல்லாம் பூமிக்கு அடியில், கல் சுரங்கங்களில் ஓடும். மனிதர்கள் மேலே சந்துகளில் நடப்பார்கள். நகரப் பேருந்து அவர்களைச் சுரங்கத்துக்குள்ளேயே ஒரு நிறுத்தத்தில் இறக்கிவிட்டது. பக்கத்திலேயே மேலே போகப் படிக்கட்டு இருந்தது. உள்ளங்கை மாதிரித் தெரிந்தவர் அதைக் கவனிக்காமல், "இந்தப் பக்கம் வாங்க," என்று ஒத்திலியாவைச் சுரங்கத்தின் ஓரமாகவே கூட்டிக்கொண்டு போனார். கால் மணி நேரம் நடந்தார்கள். பக்கத்தில் வண்டிகள் உறுமிக்கொண்டு போயின. வெளிச்சத்துக்கு வந்தபோது ஊர் அவர்களுக்குப் பின்னால் இருந்தது.

"பரவாயில்ல," என்றாள் ஒத்திலியா, முகத்திலிருந்த புகையைக் கைக்குட்டையால் துடைத்தபடி. "வெயில் படாம வந்தோம்ல."

ஃபெர்மின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பரீட்சை தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆனால் திரும்பி ஊருக்குள் நடந்து வந்ததும் மனசு தானாக இளகிவிட்டது. அந்த ஊரில் வெகு நேரம் கவலைப்பட முடியாது. மலைச் சரிவு முழுக்க மஞ்சள், நீலம், ரோஜா, பச்சை என்று வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றன. ஒரு முற்றத்தில் ஓய்வு பெற்ற கிழவர்கள் ஏழெட்டுப் பேர் ஊதுகுழல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு தாளத்தில் வாசித்தாலும் ஒருவரும் நிறுத்துவதாக இல்லை. ஒத்திலியா நின்று கேட்டாள். கால் தாளம் போட்டது. வாயில் குண்டூசி இல்லாத ஒத்திலியாவை ஃபெர்மின் அன்றுதான் முதல் முறையாக வெயிலில் பார்த்தார். பார்த்தவருக்கு இன்னும் கொஞ்சம் ஆசை கூடிப்போனது.

"எங்க போகணும்னு சொல்லுங்க," என்றார்.

அவள் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்த ரெண்டு பால்கனியும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்குமாமே, அந்தச் சந்து. சும்மா ஒரு எட்டு பாத்துட்டாப் போதும்."

முத்தச் சந்து. அங்கே மூன்றாவது படியில் நின்று முத்தமிட்டுக்கொள்ளும் ஜோடிக்கு ஏழு வருடம் நல்ல காலம் என்பதும், படி வரை போய்விட்டுச் சும்மா திரும்புகிற ஜோடிக்கு ஏழு வருடம் சனி என்பதும் நாட்டில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஃபெர்மினுக்குக் காது சிவந்தது. இருவருமே படியைப் பற்றி மூச்சு விடவில்லை.

"ஓ, அதுவா! பக்கத்துலதான்," என்றார்.

பக்கத்தில் இல்லை. முதலில் செருப்புக்குப் பாலிஷ் போடுகிறவரைக் கேட்டார்கள். தூரிகையை நீட்டி, மேலே ஏறச் சொன்னார். ஏறினார்கள். சோளம் வேகவைத்து விற்கும் அம்மா, "அட, தாண்டி வந்துட்டீங்களே கண்ணு," என்று கீழே அனுப்பினாள். கீழே ஒரு போலீஸ்காரர் இடப்பக்கம் என்று சொல்லிக்கொண்டே வலப்பக்கம் கை காட்டினார். எதை நம்புவது என்று இருவரும் கொஞ்ச நேரம் விவாதித்துவிட்டு, கையை நம்பிப் போனார்கள். சந்து ஒருவர் வீட்டு முற்றத்தில் போய் முடிந்தது. அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், "வாங்க வாங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று உபசரித்து, குடத்திலிருந்து ஆளுக்கு ஒரு குவளை எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்து, அவளும் தன் பங்குக்கு ஒரு வழி சொல்லி அனுப்பினாள்.

பதினொரு மணிக்கு இருவரும் நாடக அரங்கத்துக்கு எதிரே இருந்த பூங்காவில் வந்து விழுந்தார்கள். ஒத்திலியா ஐஸ் வாங்க வரிசையில் போய் நின்றாள். ஃபெர்மின் மர நிழலில் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தத் தம்பதி வந்தார்கள். கணவர் நல்ல பருமன், வெள்ளைத் தொப்பி. கையில் நீல ரிப்பன் கட்டிய பெரிய வெள்ளைப் பெட்டி. மனைவிக்கு ஊதா நிற உயரக் குதிகால் செருப்பு. இந்த ஊர்க் கல் தரையில் அதைப் போட்டு நடப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

"அண்ணே, நல்வழி மாதா கோவிலுக்கு எப்படிப் போகணும்?"

ஃபெர்மின் ‘நான் வெளியூர்’ என்று சொல்லியிருக்கலாம். ‘வேறு யாரையாவது கேளுங்கள்’ என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மனுஷனுக்கு வியர்த்துக் கொட்டியது, முகத்தில் அத்தனை நம்பிக்கை. ஃபெர்மினின் வலது கை தானாக எழுந்தது.

"அதோ, மஞ்சள் மருந்துக்கடை தெரியுதா? அதை ஒட்டி ஒரு சந்து. நேரா ஏறுங்க. மேல ஒரு நீரூற்று வரும். அதுக்கு இடது கைப்பக்கம் திரும்பிடுங்க. அங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

மெக்சிகோவில் எந்தச் சந்தில் ஏறினாலும் எங்காவது ஒரு நீரூற்று வராமல் போகாது. அந்தத் தைரியம்தான். தம்பதி கையெடுத்துக் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒத்திலியா இரண்டு எலுமிச்சை ஐஸோடு வந்தாள். "யாரு அவங்க?"

"வெளியூர்க்காரங்க. கோவிலுக்கு வழி கேட்டாங்க."

"சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பனா?"

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஐஸ் ஒன்றை நீட்டினாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலேயே ஒரு கதையை ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டுக்காரரு பால்தொமேரோ, கல்யாணம் ஆனதும் என்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு. நான் கடலைப் பாத்ததே இல்ல. நீச்சல் துணி எல்லாம் தச்சு வச்சிருந்தேன், பச்சைக் கலர்ல. குறுக்கு வழி தெரியும்னாரு. ரெண்டு நாள் வண்டி ஓட்டினாரு. மூணாவது நாள் காலையில எங்க நின்னோம் தெரியுமா? மலை மேல, மாட்டுச் சந்தையில."

ஃபெர்மின் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

"யாரையும் கேக்கலையா அவரு?"

"தெரிஞ்சவரு எதுக்குக் கேக்கணும்? அதுதான் குறுக்கு வழின்னு சாகுற வரைக்கும் சாதிச்சாரு. நல்ல மனுஷன்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா இருபத்தாறு வருஷத்துல ஒரு நாளாவது, ஒரே ஒரு விஷயத்துலயாவது, தனக்குத் தெரியாதுன்னு சொன்னதில்ல. நான் இன்னும் கடலைப் பாக்கல."

ஃபெர்மினுக்குக் காலையில் நடந்த சுரங்கம் ஞாபகம் வந்தது. தன் கதை கந்தலாகிவிட்டதோ என்று பயமாக இருந்தது.

மறுபடி நடந்தார்கள். மறுபடி கேட்டார்கள். மறுபடி எல்லோரும் அன்பாக, தெளிவாக, தவறாகச் சொன்னார்கள். பன்னிரண்டேகால் மணி சுமாருக்கு ஒரு வளைவு தாண்டியதும் சின்ன முற்றமும் ரோஜா நிறக் கோவிலும் வந்தன. வாசலில் பத்திருபது பேர் புதுத்துணியில் நின்றார்கள். ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அவள் கையில் வெறும் சால்வை சுற்றிய குழந்தை.

"என்னம்மா ஆச்சு?" என்று ஒத்திலியா நேராகப் போய்க் கேட்டாள்.

அவள் கணவன் அபெல் பதில் சொன்னான். அவனுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. "இன்னைக்குப் பாப்பாவுக்கு ஞானஸ்நானம்மா. பன்னிரண்டு மணிக்கு. ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் சல்தியோவுல இருந்து ராத்திரி பூரா வண்டி ஓட்டிட்டு வந்திருக்காங்க. வண்டியைக் கீழ விட்டுட்டு நடந்து வர்றோம்னு போன் பண்ணாங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, ஆளைக் காணோம். போனை வண்டியிலேயே விட்டுட்டாங்க போல, எடுக்கவே மாட்டேங்குறாங்க. பாப்பாவோட கவுனும் அவங்ககிட்டத்தான் இருக்கு."

பாதிரியார் படியில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணிக்குக் கல்யாணம் இருக்குப்பா அபெல். அதுக்கு மேல என் கையில எதுவும் இல்ல. பன்னிரண்டே முக்காலுக்குள்ள வந்தாங்கன்னா சரி. இல்லைன்னா அடுத்த மாசந்தான்."

"எப்படி இருப்பாங்க அவங்க?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"நிகாசியோ நல்லா குண்டா இருப்பாரு. வெள்ளைத் தொப்பி. கையில பெரிய பெட்டி இருக்கும்."

ஃபெர்மின் கோவில் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்தார். நல்வழி மாதா கோவில். பூங்காவிலிருந்து நேர் கீழே, மருந்துக்கடைக்கு எதிர்த்திசை.

யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒத்திலியாகூட அவர்களைத் தூரத்திலிருந்துதான் பார்த்தாள், அதுவும் முதுகை. இப்போது அவள் குழந்தையின் விரலைப் பிடித்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். ‘வாங்க, போவோம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நடையைக் கட்டிவிடலாம். வாயைத் திறந்தாலோ, உள்ளங்கை, பரீட்சை, கல்யாணம் எல்லாம் இந்த முற்றத்திலேயே முடிந்தது.

அந்தக் குழந்தை சால்வைக்குள்ளிருந்து அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

"தம்பி," என்றார் ஃபெர்மின். "அவங்களை நான்தான் அனுப்பினேன்."

எல்லோரும் திரும்பினார்கள். ஒத்திலியாவும்.

"எங்க அனுப்பினீங்க?"

"மருந்துக்கடைச் சந்துல. மேல."

"மேலயா? கோவில் கீழல்ல இருக்கு!"

"அது வந்து... எனக்கு இந்த ஊரு அவ்வளவாப் பழக்கமில்ல. அதாவது, இந்தக் கோவிலு எந்தப் பக்கம்னு எனக்குச் சரியா..." அந்த ஒரு வார்த்தை தொண்டை வரை வந்து திரும்பி இறங்கிவிட்டது. திருதிருவென்று விழித்தார்.

"அப்புறம் எதுக்கு வழி சொன்னீங்க?" என்று அபெல் கத்தினான்.

நியாயமான கேள்விதான். ஆனால் கூட்டத்தில் யாரும் அவனோடு சேர்ந்து கத்தவில்லை. இரண்டு மூன்று மாமாக்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு செருப்பைப் பார்த்தார்கள். அங்கே நின்றவர்களில் அந்தப் பாவத்தைச் செய்யாதவர் அந்தக் குழந்தை மட்டும்தான்.

"திட்டுறதை அப்புறம் வச்சுக்கலாம்," என்றாள் ஒத்திலியா. "அந்தச் சந்தைக் காட்டுங்க ஃபெர்மின். வா தம்பி, ஓடு."

மூவரும் ஓடினார்கள். மருந்துக்கடைச் சந்தில் ஏறினார்கள். நீரூற்றும் வந்தது, அந்த மட்டில் ஃபெர்மின் சொன்னது பொய்யில்லை. அங்கே இளநீலச் சட்டைக்காரர் ஒருவர் பூட்டு ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்தார்.

"வெள்ளைத் தொப்பி, பெரிய பெட்டி, பாத்தீங்களா அண்ணே?"

"பாத்தேனே! கோவிலுக்கு வழி கேட்டாங்க. நான்தான் அந்த வளைவுப் பக்கம் போகச் சொன்னேன்."

வளைவில் பழக்கடைப் பெண். "ஆமா, பாவம், அந்தம்மா செருப்பைக் கையில பிடிச்சுட்டு வந்துச்சு. நான் அந்தப் படிக்கட்டுல ஏத்திவிட்டேன்."

படிக்கட்டுக்கு மேலே ஒரு கிதார்க்காரன். "தப்பா வந்துட்டீங்கன்னு சொல்லி, பாலத்துப் பக்கம் திருப்பி விட்டேன்."

அன்று காலையிலிருந்து அந்த ஊரில் ஒருவர்கூடச் சரியான வழி சொல்லவில்லை. இப்போதோ எல்லோரும் அட்சரம் பிசகாமல் சொன்னார்கள். கோவில் எங்கே என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தத் தம்பதியைத் தான் எங்கே அனுப்பினோம் என்பது ஒவ்வொருவருக்கும் நன்றாகத் தெரியும். ஒரு தப்பிலிருந்து அடுத்த தப்புக்கு என்று ஓடி, மலையின் பாதி உயரத்தில், ஒரு பச்சை வீட்டு வாசற்படியில் அவர்களைக் கண்டுபிடித்தார்கள்.

நிகாசியோ தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். மனைவி தோமித்திலா வெறுங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பெட்டி மட்டும் நடுவில் கசங்காமல் உட்கார்ந்திருந்தது.

அபெலைப் பார்த்ததும் நிகாசியோ எழுந்தார். அவனுக்குப் பின்னால் ஃபெர்மினைப் பார்த்ததும் அவர் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது.

"இவரேதான்! இந்த மனுஷன்தான்! அப்படியே கோவிலைக் கட்டினவரு மாதிரி சொன்னாரேய்யா! நீரூற்றாம், இடது கையாம்!"

"மன்னிச்சுக்கங்க அண்ணே. நீங்க வேர்த்து விறுவிறுத்து வந்தீங்க. இல்லைன்னு சொல்ல மனசு வரல."

"மனசு வரலையா? என் முட்டி ரெண்டும் போச்சு!"

"நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க," என்றாள் தோமித்திலா கணவனைப் பார்த்து. "ராத்திரி பெட்ரோல் பங்குல ஒரு லாரிக்காரரு ஏதோ ஒரு ஊருக்கு வழி கேட்டாரே, நீங்க என்ன சொன்னீங்க? அந்த ஊரு பேரையாவது முன்னப்பின்ன கேட்டிருக்கீங்களா?"

நிகாசியோ தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "அது வேற விஷயம்," என்றார்.

"அந்த லாரி இப்ப எங்க நிக்குதோ, மாதாவுக்குத்தான் வெளிச்சம்."

முதலில் சிரித்தது அபெல். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஃபெர்மின் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். ஒத்திலியா தன் தட்டைச் செருப்பைக் கழற்றி தோமித்திலாவுக்குக் கொடுத்துவிட்டு, அந்த ஊதா உயரச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினாள். மலையே அதிர ஐந்து பேரும் ஓடினார்கள்.

கோவில் வாசலை மிதித்தபோது ஒரு மணி அடிக்க ஐந்து நிமிடம். முக்கால் தாண்டிவிட்டது. அபெல் தலையில் கை வைத்துக்கொண்டான். பாதிரியாரோ சாவகாசமாக நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க வாங்க, பதறாதீங்க. கல்யாண மாப்பிள்ளை வீட்டாரு இன்னும் வந்து சேரல. யாரோ வழி சொல்லியிருக்காங்க."

பெட்டியைப் பிரித்து, நான்கு பெண்கள் சேர்ந்து அரை நிமிடத்தில் கவுனை மாட்டினார்கள். தோள்பட்டையில் ஒரு பொத்தான் பிய்ந்து வந்துவிட்டது. ஒத்திலியா ஜாக்கெட் ஓரத்திலிருந்து குண்டூசியை உருவி, குழந்தையைக் குத்தாதபடி துணியை மடித்துச் செருகினாள். தலையில் தண்ணீர் பட்டதும் குழந்தை ஹிமேனா கோவிலே இரண்டாகும்படி வீறிட்டது. ஃபெர்மின் கடைசி வரிசையில் நின்று, தன் மகளுக்கே ஞானஸ்நானம் நடக்கிற மாதிரிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அபெல் வீட்டு விருந்தில் தண்டனையை நிகாசியோ தன் கையாலேயே நிறைவேற்றினார். ஃபெர்மினைப் பக்கத்தில் உட்காரவைத்து, மிளகாயும் எள்ளும் சாக்லேட்டும் அரைத்து ஊற்றிய கோழிக்குழம்பை மூன்று தட்டு சாப்பிட வைத்தார். "வேணாம்னு மட்டும் சொல்லுங்க பாப்போம். சொல்ல மனசு வராதே உங்களுக்கு!" என்று சொல்லிச் சொல்லி ஊற்றினார். ஃபெர்மின் சாப்பிட்டார். எதிரே உட்கார்ந்திருந்த ஒத்திலியா எல்லோரோடும் பேசினாள், சிரித்தாள். அவரிடம் மட்டும் ஒன்றும் பேசவில்லை. குழம்பு அருமையாக இருந்தும் அவருக்கு ஒவ்வொரு கவளமும் கனத்தது.

நாலரை மணிக்கு விடைபெற்றுக்கொண்டு இறங்கினார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பாதி வழியில் ஃபெர்மின் நின்றார்.

"ஒத்திலியா, ஒரு விஷயம். நான் இந்த ஊருக்கு ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கேன். பதினோரு வயசுல. அப்பவும் பஸ்ஸை விட்டு இறங்கல. வாந்தி."

"அது எனக்குக் காலையிலயே தெரியும்."

"எப்படி?"

"சுரங்கத்துல. உள்ளங்கை மாதிரித் தெரிஞ்சவரு அந்த வண்டிப் புகையில மூஞ்சியைக் காட்டிட்டு நடப்பாரா?"

"அப்புறம் எதுக்கு என்கூடவே வந்தீங்க?"

"எது வரைக்கும் போறீங்கன்னு பாக்கத்தான்."

அவருக்குத் தலை குனிந்தது. "ஆக, பதில் என்னன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"ஆறு மணி ஆகலையே இன்னும்," என்றாள் அவள். "கோவில் வாசல்ல நீங்க பேசாம நழுவியிருந்தீங்கன்னா, நான் அப்பவே தனியாப் பஸ் ஏறியிருப்பேன். அதையும் தெரிஞ்சுக்கங்க."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஜூலை மழை முன்னறிவிப்புக் கொடுத்து வருவதில்லை. தெருவில் இருந்த ஜனங்கள், படம் எடுப்பவர்கள், பொம்மை விற்பவர்கள் எல்லோரும் திசைக்கு ஒருவராகச் சிதறினார்கள். இருவரும் யாரையும் எதையும் கேட்காமல், கண்ணில் பட்ட முதல் சந்துக்குள் ஓடி, படிக்கட்டில் ஒரு சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அங்கே ஆச்சரியமாக மழை அவ்வளவாக விழவில்லை. இருவருக்கும் மூச்சு வாங்கியது. ஒத்திலியாவின் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

சந்தின் வாயிலிருந்து ஓர் இளம் ஜோடி, ஒரே சட்டையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது. தொப்பலாக நனைந்திருந்தார்கள். பையனுக்குப் பல் தந்தியடித்தது.

"ஐயா, முத்தச் சந்து எந்தப் பக்கம்? ஒரு மணி நேரமாச் சுத்துறோம்."

ஃபெர்மினின் வலது கை எழுந்தது. பாவம், நனைந்து போய் வந்திருக்கிறார்கள். எத்தனை ஆசையோடு கேட்கிறார்கள். கை மார்பு வரை வந்தது, தோள் வரை வந்தது. ஒத்திலியா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது.

"தெரியாது," என்றார் ஃபெர்மின்.

சொன்னவுடன் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. வானம் இடிந்து விழவில்லை. அதனால் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். "தெரியாதுப்பா. நான் இந்த ஊரு இல்ல. அந்தச் சந்து எங்க இருக்குன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது."

பையன் மலைத்துப் போய் நின்றான். அப்படி ஒரு பதிலை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை போலிருக்கிறது. அந்தப் பெண் மட்டும் மேலே பார்த்தாள். பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இதாங்க அது!"

ஃபெர்மின் நிமிர்ந்தார். தலைக்கு மேலே இரண்டு பால்கனிகள், இந்தச் சுவரிலிருந்து ஒன்றும் அந்தச் சுவரிலிருந்து ஒன்றுமாக, நடுவில் ஒரு முழம்கூட இடைவெளி விடாமல் முட்டிக்கொண்டு நின்றன. அதனால்தான் மழை விழவில்லை. காலடியில் பார்த்தார். அவர் நின்றது இரண்டாவது படி. அடுத்த படி சிவப்புச் சாயம் பூசியிருந்தது.

ஒத்திலியா சுவரில் சாய்ந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விட முடியாமல் சிரித்தாள். "நாள் பூரா ஊருக்கே தப்பு வழி சொன்னாரு... அந்தச் சந்துலயே நின்னுக்கிட்டுத் தெரியாதுங்குறாரு..." அதற்கு மேல் பேச முடியவில்லை. அவள் சிரிப்பதைப் பார்த்து அந்த ஜோடியும் சிரித்தது, ஃபெர்மினும் அசடு வழியச் சிரித்தார்.

இளசுகள் சிவப்புப் படியில் ஏறித் தங்கள் ஏழு வருடத்தைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டு, "இனி உங்க முறை," என்று சொல்லிவிட்டு மழையிலேயே ஓடிப்போனார்கள்.

சந்தில் இவர்கள் இருவரும்தான். ஃபெர்மினின் இரண்டு காதும் அந்தப் படியின் நிறத்தில் இருந்தன. மணி ஐந்து இருபது. ஒத்திலியா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முடியை ஒதுக்கிவிட்டு, சீருடைக்கு அளவு எடுக்கும்போது பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தாள்.

"ஃபெர்மின்."

"சொல்லுங்க."

"கல்யாணம் முடிஞ்சதும் எனக்குக் கடலைப் பாக்கணும். வழி தெரியுமா உங்களுக்கு?"

அவருக்குள்ளே ஒரு நெடுஞ்சாலையின் பெயர், இரண்டு திருப்பம், ஒரு குறுக்கு வழி எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து தயாராக நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினார்.

"தெரியாது."

"அப்போ சரி," என்று சொல்லிவிட்டு ஒத்திலியா மூன்றாவது படியில் ஏறி நின்றாள்.